வெள்ளாமை விளைஞ்சும் கடன் தீரலை!

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அதுக்கும் நம்ம கரிசக்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு!

அப்போது நம் ஊர்கள் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. இங்கே விளைந்த பருத்தி வெளிநாட்டு ஆலைகளுக்கும் போனது. உலகச் சந்தை படுத்ததும் பருத்தி, நிலக்கடலை, நெல் எல்லாவற்றின் விலையும் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. ஆனால் தீர்வையும் கடனும் குறையவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். கடன் 100 ரூபாய். பருத்தி ஒரு பொதி 50 ரூபாய் என்றால் 2 பொதி விற்றால் போதும். விலை 25 ரூபாய் ஆனால்? 4 பொதி விற்க வேண்டும். புதுசா ஒரு பைசா வாங்காமலே கடன் இரண்டு மடங்கு!

அப்புறம் வீட்டில் மிஞ்சியது நகைதான். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. தங்கம் விலை ஏறியது. கிராமத்து நகைகள் விற்கப்பட்டு, உருக்கப்பட்டு, கப்பலேறி லண்டன் போயின. மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அங்கிருந்து வந்த பணமும் நின்றது.

1938-ல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு நின்ற வட்டிப் பாக்கி நீங்கியது. ஆனால் விற்ற நகை திரும்பி வருமா?

மழை பொய்த்தால்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். விலை பொய்த்தாலும் கஷ்டம்தான் நண்பர்களே!

போட்டுப் பாருங்க: அதே 100 ரூபாய் கடன். பொதி 20 ரூபாய்க்கு இறங்கினால் எத்தனை பொதி விற்கணும்?