தர்ஷீஸ் கப்பலும் நம்மூர் மயிலும்

பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் வேதாகம வகுப்பு என்றால் சாலொமோனின் மயில் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். பின்னாலேயே ஒரு பெருமையும் வரும்.

நம்பிக்கை: தர்ஷீஸ் என்பது தென்னிந்தியா, இல்லாவிட்டால் இலங்கை.

இது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தர்ஷீஸ் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லை நம் 'தோகை'யோடு இணைத்தவர் கால்டுவெல். இலங்கையின் காலித் துறைமுகமே தர்ஷீஸ் என்று 1859-இல் வாதாடினார் அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட்.

உண்மை: தர்ஷீஸ் மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கம்.

தர்ஷீசுக்குத் தப்பியோட யோனா கப்பல் ஏறியது யோப்பாவில். அது மத்தியதரைக் கடல் துறைமுகம். அங்கிருந்து காலிக்கு வர ஆப்பிரிக்காவையே சுற்றியாக வேண்டும். சரக்கைப் பாருங்கள், இன்னும் தெளியும். தர்ஷீஸிலிருந்து தீரு நகரச் சந்தைக்கு வந்தவை வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம் என்கிறது எசேக்கியேல் 27:12. நம் கடற்கரையோ தகரத்தையும் ஈயத்தையும் விலைக்கு வாங்கிய இடம். முசிறிப் பக்கத்துத் துறைமுகங்களின் இறக்குமதிப் பட்டியலில் இரண்டையும் சேர்த்திருக்கிறது கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ். வாங்குகிறவனே விற்றவனும் ஆவானா?

அப்படியானால் எந்த ஊர்? யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சிலிசியாவின் தர்சு பட்டணம் என்றார். பெயர் ஒற்றுமைக்கு மேல் அதில் வலுவில்லை. அசீரிய மன்னன் எசரத்தோன் தன் கல்வெட்டில், சைப்ரஸ் தொடங்கி தர்சிசி வரை கடல் நடுவிலுள்ள அரசர்கள் பணிந்ததாகச் சொல்லிக்கொள்கிறான். சார்டினியாவில் கிடைத்த பெனிக்கேயக் கல்வெட்டான நோரா கல்லிலும் அந்தப் பெயரைப் பலர் வாசிக்கிறார்கள். இஸ்ரேலில் புதையலாகக் கிடைத்த வெள்ளித் துண்டுகளின் ஈய ஐசோடோப்பு ஆய்வு சார்டினியாவையும் ஸ்பெயினையும் காட்டுகிறது. ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கமும் அருகிலுள்ள ஊவெல்வா துறைமுகமும் இருக்கும் தார்தெஸ்ஸோஸ் பகுதிக்கே அறிஞர்களில் பலர் வாக்களிக்கிறார்கள். என் வாக்கும் அதற்கே; சார்டினியாவை மட்டும் முழுதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

நம்பிக்கை: கப்பல் கட்டியது செங்கடல் பக்கம் எசியோன்கேபேரில். ஆகவே போனது கிழக்கே.

குழப்பத்தின் வேர் இதுதான். 'தர்ஷீஸ் கப்பல்' என்பது நெடுந்தூரம் போகும் பெரிய கப்பலுக்கு ஆகிவந்த பெயர். போகுமிடம் வேறாகவும் இருக்கலாம். யூதாவின் ராஜா யோசபாத் பொன்னுக்காக ஓப்பீருக்கு அனுப்பக் கட்டியவை அத்தகைய கப்பல்கள் என்கிறது 1 இராஜாக்கள். பிற்காலத்து நாளாகமமோ அவற்றைத் தர்ஷீசுக்கே போகும் கப்பல்களாக்கிவிட்டது. மயிலைப் பற்றிய வசனத்திலும் நாளாகமம் செய்தது இதே மாற்றம்தான். அந்த எபிரெயச் சொல் மயிலா, ஒருவகைக் குரங்கா என்ற விவாதமும் ஓயவில்லை. தோகை என்றே வைத்துக்கொண்டாலும் அது சரக்கின் பிறப்பிடத்தைத்தான் சொல்லும். தர்ஷீஸ் எங்கே என்று சொல்லாது.

நம்பிக்கை: பெங்களூரிலேயே ரோமக் காசு கிடைத்திருக்கிறதே!

கிடைத்தது உண்மை, யஷ்வந்த்பூரிலும் எச்.ஏ.எல். பக்கமும். ஆனால் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியு காலக் காசுகள் அவை. சாலொமோனுக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள் பிந்தியவை.

அடுத்த வகுப்பில் மயில் வரும்போது 1 இராஜாக்கள் 22:48-ஐயும் 2 நாளாகமம் 20:36-ஐயும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள்.