பொங்கல் போட்டியும் நடுவர்களின் நாக்கும்

பொங்கல் போட்டி முடிந்ததும் ஒரு முணுமுணுப்பு கேட்கும்: "அந்த நடுவர் ரொம்ப கஞ்சம், அதனாலதான் நம்ம பானை தோத்துப்போச்சு." கஞ்சத்தனம் பெரிய குற்றமில்லை. எல்லா நடுவரும் எல்லாப் பானையையும் ருசி பார்த்தால், ஒருவர் அனைவருக்குமே இரண்டு புள்ளி குறைத்துப் போட்டாலும் வரிசை மாறாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்துக்கு இத்தனை என்று முதல் நடுவர் முல்லை அணிக்கு 9, மல்லிகைக்கு 8, தாமரைக்கு 7 போடுகிறார். இரண்டாமவர் அதே வரிசையில் 8, 7, 6. மூன்றாமவர் 6, 9, 3. கூட்டினால் முல்லை 23, மல்லிகை 24, தாமரை 16. கோப்பை மல்லிகைக்கு! ஆனா, மூவரில் இருவர் முல்லையைத்தானே முதலில் வைத்தார்கள்? மூன்றாமவர் புள்ளிகளை அகல விரித்துப் போட்டதால், அவர் ஒருவரின் தீர்ப்பே மற்ற இருவரையும் அமுக்கிவிட்டது.

படிவம் 4 கணிதத்தில் 'சிசிஹான் பியாவாய்' படித்தோமே, அதுதான் திட்ட விலக்கம். முதல் இருவருக்கும் அது 0.82, மூன்றாமவருக்கு 2.45, அதாவது மும்மடங்கு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அந்த நடுவரின் சராசரியைக் கழித்து, அவருடைய திட்ட விலக்கத்தால் வகுத்துக் கூட்டுங்க. முல்லை 2.45, மல்லிகை 1.22, தாமரை -3.67. முடிவு புரண்டுவிட்டது. எந்த முறை என்பதை அடுப்பு மூட்டும் முன்பே அறிவிக்கணும்; முடிவைப் பார்த்துவிட்டு மாற்றினால் அது கணக்கில்லை, சலுகை.

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. எல்லாப் பானைக்கும் 7 போட்டவரின் திட்ட விலக்கம் பூஜ்யம், வகுக்கவே முடியாது. வேறுபாடே தெரியாமல் 7, 7.5 என்று போட்டவரின் தடுமாற்றமும் பெரிதாகிவிடும். உணவு ஆய்வுக்கூடங்களில் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். மாதிரிகளுக்கு மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டி, ஆளுக்கொரு வரிசையில் கொடுத்து, ஒரே மாதிரியை வேறு எண்ணில் மறுபடியும் நீட்டுவார்கள். முதலில் 8, பிறகு 4 என்றால் அந்த நாக்கை எவ்வளவு நம்பலாம்?

முப்பது பானை இருந்து, நடுவர்கள் இரு குழுவாகப் பிரிந்து ருசி பார்த்தால் கதையே வேறு. அப்போ கஞ்ச நடுவரிடம் மாட்டிய அணி நிஜமாகவே பாதிக்கப்படும். நான்கைந்து பானைகளை மட்டுமாவது இரு குழுவும் சுவைக்கட்டும். அவற்றில் தெரியும் சராசரி வித்தியாசத்தை வைத்து மற்றப் பானைகளின் புள்ளிகளையும் சரிக்கட்டலாம்.