ஐஸ் பெட்டியில் இருக்கிறது ஏல விலை

நல்ல மீன்பாடு கிடைத்தும் கரையில் விலை போகாமல் நிற்கிறவர்களைத் தூத்துக்குடி தெரேஸ்புரம் கரையில் அடிக்கடி பார்க்கலாம். ஏலம் எடுக்க வரும் வியாபாரி நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், முதுகில் விரலை அழுத்திப் பார்ப்பார். செவுள் ரத்தச் சிவப்பாக இருந்து, கண் தெளிவாகப் பிதுங்கி நின்று, அழுத்திய இடம் சட்டென எழும்பினால் ஒரு விலை. செவுள் பழுப்பேறி, கண் குழி விழுந்து, விரல் பதிந்த பள்ளம் அப்படியே கிடந்தால் வேறு விலை. இரண்டு மீனும் ஒரே கடலில், ஒரே வலையில் பட்டவையாக இருக்கலாம். வலையை ஏற்றிய பிறகு படகுக்குள் நடந்ததுதான் விலையைப் பிரிக்கிறது.

நாட்டுப்படகில் செவுள் வலையும் தூண்டிலும் வைத்துத் தொழில் செய்கிறவன் நான். இங்கே சொல்வதெல்லாம் சிறிய படகுக்கானது. புதிதாக ஃபைபர் படகு எடுத்திருக்கும் தம்பிகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஐஸ் கணக்கு

எங்கள் படகின் மூத்த ஆள் ஒருவர் சொல்வார்: “மீன் ஏறுறதுக்கு முன்னாடி ஐஸ் ஏறணும்லே.” எவ்வளவு ஐஸ் என்பதற்கு, நம்முடையது போன்ற சூடான கடலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் விதி. கேட்டவுடன் அதிகமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 30 டிகிரியில் ஏறுகிற 10 கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க, 3 கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். மீதி 7 கிலோ, பெட்டிச் சுவர் வழியாக இறங்கும் வெயிலுக்கும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும், ஏலம் முடிகிற வரை காத்திருக்கும் நேரத்துக்கும். 3 கிலோ ஐஸோடு போனால் மீன் குளிரும். கரை சேர்வதற்குள் திரும்பவும் சூடேறும். 0 டிகிரியில் கெடுவதைவிட 10 டிகிரியில் மீன் சுமார் நான்கு மடங்கு வேகமாகக் கெடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐஸ் பாரை வாங்கிப் படகில் வைத்துக் கட்டையால் அடித்து உடைத்தால் பெரிய துண்டுகளாகத் தெறிக்கும். அவற்றின் கூர்முனை மீன் தோலைக் கிழிக்கும். துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்கும். அரைத்த ஐஸ்தான் மீனை ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஐஸ் பிளான்டிலிருந்து படகு வரை தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். வெறும் பெட்டியில் முந்தின ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வைத்தால், காலையில் போடும் ஐஸ் பெட்டியைக் குளிர வைப்பதிலேயே கரைந்து போகாது. முந்தின நாள் மீனோடு கிடந்த ஐஸ் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். அதில் மீனைக் கெடுக்கும் கிருமி ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

அடுக்கும் முறை

அடியில் ஒரு கை உயரத்துக்கு ஐஸ். சுவரை ஒட்டி நாலு பக்கமும் ஐஸ். அதன்மேல் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ். மேலே கனமாக ஐஸ் போட்டு மூட வேண்டும். மீனோடு மீன் ஒட்டிக் கிடந்தால் நடுவில் இருக்கிற மீனுக்குக் குளிர் போய்ச் சேராது. ஆழமான பெட்டி என்றால் நடுவில் பலகை கொடுங்கள். இல்லாவிட்டால் மேல் பாரத்தில் அடிமீன் நசுங்கி எடையும் குறையும். பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துவாரம் அடைபடாமல் இருக்க வேண்டும். ரத்தம் கலந்த தண்ணீரில் ஊறுகிற மீன், ஐஸுக்குள் இருந்தாலும் கெட்டுப்போகும்.

மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி சின்ன மீன் கும்பலாக ஏறும்போது வரிசை வரிசையாக அடுக்க நேரம் கிடைக்காது. அப்போது இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு சுத்தமான கடல் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் மீனை முக்குங்கள். எல்லாப் பக்கமும் குளிர் பிடித்து வேகமாக இறங்கும். இரை நிறையத் தின்ற மத்தி சீக்கிரம் வயிறு வெடிக்கும். அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தண்ணீர்ப் பெட்டி அலையில் அலம்பும். படகின் நடுவில், தாழ்வாக வைத்து, மூடியை இறுக்கிக் கட்டுங்கள். பின்பக்கக் கடையாலில் வைத்தால் படகின் நிலை குலையும்.

மீனுக்கு மீன் மாறும்

சூரைக்குத் தனிக் கவனம் வேண்டும். தூண்டிலில் போராடிய சூரையின் உடம்பு கடலைவிடச் சூடாக இருக்கும். ஏறியதும் தலையில் ஓர் அடி. பக்கத்துடுப்பை மடக்கினால் அது படியும் குழி தெரியும். துடுப்பின் அடியிலிருந்து இரண்டு விரல்கிடை தள்ளி அந்தக் குழியில் இரு பக்கமும் சின்னதாக வெட்டுங்கள். ரத்தம் நன்றாக வடிந்ததும் ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். சூரையும் கானாங்கெளுத்தியும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். தின்றவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அந்த நச்சு போகாது. பிறகு ஐஸில் போட்டாலும் போகாது.

வஞ்சிரத்தை, எங்கள் ஊர் சீலாவை, வாலைப் பிடித்துத் தூக்கி வீசாதீர்கள். கொக்கி போட்டால் தலையில் மட்டும் போடுங்கள். வளைந்து விறைத்த மீனைப் பெட்டிக்குள் அடக்க வேண்டி நிமிர்த்தினால், உள்ளே சதை பிளக்கும். வெளியே தெரியாது, துண்டு போடும்போது தெரியும். அதனால் விறைக்கும் முன்பே நேராகக் கிடத்திவிட வேண்டும்.

கணவாயை நேரடியாக ஐஸில் போட்டால் உருகும் நல்ல தண்ணீர் பட்டு நிறம் வெளுக்கும். மை மற்ற மீனிலும் ஒட்டும். பாலித்தீன் பையில் போட்டு ஐஸ் நடுவில் வையுங்கள். இறாலைக் காற்றில் கிடக்க விட்டால் தலையும் ஓடும் கறுக்கும். உடனே ஐஸ் தண்ணீர் வேண்டும். திருக்கை, சுறா உடம்பில் யூரியா உண்டு. செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அவற்றுக்குத் தனிப் பெட்டி. நண்டை உயிரோடு கொண்டுவர முடிந்தால் கால் கட்டி, ஈரக் கோணி போர்த்தி, நிழலில் வையுங்கள். செத்த நண்டு உடனே ஐஸுக்குப் போக வேண்டும்.

சுத்தமும் டீசலும்

பெட்டிக்குப் பக்கத்தில் டீசல், மண்ணெண்ணெய் கேன் வேண்டாம். எண்ணெய் வாடை ஒட்டிய மீனை எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. மீனைக் கழுவுவதானால் ஆழக்கடலிலேயே கழுவிவிடுங்கள். கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஏலம் முடிந்த கையோடு பெட்டியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, திறந்து காயவிடுங்கள். தெர்மாகோல் பெட்டி உடைந்தால் ரத்தத்தைக் குடித்து நாறும். உதிர்கிற மணிகள் கடலுக்கும் கேடு. காசு சேர்ந்ததும் ஃபைபர் பூசிய, உள்ளே பஃப் நுரை அடைத்த பெட்டிக்கு மாறிவிடுங்கள்.

2018-ல் ஃபார்மலின் போட்ட மீன் கேரள எல்லையில் டன் கணக்கில் பிடிபட்டபோது நம் பக்கத்து மீனையும் ஜனங்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். மீன் கெடாமல் இருக்க ஐஸ்தான் வேண்டும், எந்த ரசாயனமும் அதில் படக் கூடாது. டீசலுக்கு யோசிக்காமல் செலவு செய்கிற நாம் ஐஸ் வாங்கும்போது மட்டும் கையைச் சுருக்குகிறோம். நாளைக்குத் தொழிலுக்குப் போகும்போது இன்னும் ஒரு பார் ஐஸ் சேர்த்து ஏற்றிப் பாருங்கள். அந்தக் காசு ஏலத்திலேயே திரும்பி வந்துவிடும்.