ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு டுஷேன் தசைத் தேய்வு நோய். இந்தியாவில் ஒரு தனியார் நிலையம் அவனது எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து ஊசி போடுவதாகச் சொல்கிறது. கண்டியிலுள்ள முகவர் முற்பணம் கேட்கிறார். "பலன் இல்லாவிட்டாலும் நட்டஈடு கோரமாட்டோம்" என்று சம்மதப் பத்திரத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டால் பிறகு வழக்குப் போட முடியாதா?
- ஒரு தாய், கம்பளை

பதில்: சகோதரி, வழக்குப் போடலாம். பிள்ளைக்குப் பாதகமாகப் பெற்றோர் இட்ட கையெழுத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் வெல்வது மிகக் கடினம். சிறுவர் நோய் மருத்துவரான பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக, இறந்துபோன ஒரு பிள்ளையின் தந்தை தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்ததென்று கண்டும், மூளைத்தண்டில் கட்டி இருந்த அந்தப் பிள்ளையின் மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை எனச் சொல்லி நட்டஈட்டை நீக்கிவிட்டது. உங்கள் மகன் விடயத்திலும் சிக்கல் இதுதான். ஊசிக்குப் பிறகு அவன் நடக்க முடியாமல் போனால் "நோயின் போக்கே அதுதான்" என்பார்கள். மறுத்து நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். வழக்குத் தொடரவும் பொதுவாக இரண்டு வருடக் காலவரையறை உண்டு. ஒப்பந்தம் கண்டியில் செய்யப்பட்டிருந்தால் கண்டி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஆனாலும் அந்தத் தீர்ப்பை வைத்து இந்திய நிலையத்திடம் பணம் வசூலிக்க அங்கே மறுபடியும் வழக்காட வேண்டும்.

ஆகவே உங்கள் பலமெல்லாம் கையெழுத்திடுவதற்கு முன்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு ஏற்கெனவே ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, நோயாளிக்குச் செலுத்தும் எந்த ஸ்டெம் செல்லும் ஆராய்ச்சியே. தசைத் தேய்வு அந்த விலக்கில் இல்லை. ஆராய்ச்சியென்றால் பதிவு செய்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, பங்கேற்பவரிடம் பணம் வாங்காமல் நடத்த வேண்டும். முகவர் நீட்டும் முற்பண ரசீதே விதிமீறலுக்குச் சாட்சி.

"சொந்த செல்தானே, என்ன கேடு?" என்பார்கள். டிஸ்ட்ரோபின் புரதத்தை உருவாக்கும் மரபணுவில்தான் பழுது. அதே பழுது மகனின் மஜ்ஜைச் செல்களிலும் இருக்கிறது. "வேறு பிள்ளைகள் தேறினார்களே" என்றும் சொல்வார்கள். டுஷேன் உள்ள பையன்கள் ஆறேழு வயது வரை, எந்த ஊசியும் இல்லாமலே, ஓட்டத்திலும் எழும்புவதிலும் ஓரளவு முன்னேறுவதுண்டு. ஸ்டீரொய்ட் மருந்து அதை நீட்டிக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லாமல் பலன் எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையான ஆய்வுகளும் நடக்கின்றன: கொடையாளியின் இதயத்திலிருந்து எடுத்த செல்களைக் கொண்ட டெராமியோசெல் மருந்துக்குக்கூட, 2025 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தராமல் மேலும் சான்று கேட்டது. "சும்மா இருப்பதைவிட முயன்று பார்ப்போம்" என்ற உங்கள் தவிப்பு நியாயமானது. ஸ்டீரொய்ட், இயன்மருத்துவம், இதயத்தையும் மூச்சையும் தவறாமல் சோதிப்பது ஆகியவையும் முயற்சிதான்; அவற்றுக்குச் சான்று உண்டு.

நிலையத்திடம் பரிசோதனைப் பதிவெண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் மகனைப் பார்க்கும் வைத்தியரிடம் காட்டுங்கள். தர மறுத்தால் ஒரு சதமும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது, வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு உடனே போங்கள்.