பிரசவச் செலவைச் சமாளிப்பது எப்படி?

பிள்ளை பிறப்பது குடும்பத்திற்கு மகிழ்ச்சி தரும் நிகழ்ச்சி. ஆயினும், அம்மகிழ்ச்சியோடு கடனும் வீட்டிற்குள் நுழைந்துவிடுவதுண்டு. அதைத் தவிர்க்க இயலுமா? இயலும். ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனை ஆராய்வோம்.

பால் மரம் வெட்டும் ஒரு தம்பதியரை எண்ணிக்கொள்ளுங்கள். மனைவி கருவுற்று ஆறு மாதம் கடந்தும் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யவில்லை. "ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடும், பிறகு பார்ப்போம்" என்று நாளைக் கடத்தினர். ஒரு நள்ளிரவில் இடுப்பு வலி கண்டது. பதற்றத்தில், யாரோ சொன்ன தனியார் மருத்துவமனைக்கு வாடகைக் காரில் விரைந்தனர். அறுவைச் சிகிச்சை நடந்தது. தாயும் சேயும் நலமே. ஆனால், பல மாதச் சம்பளம் ஒரே கட்டணச் சீட்டில் கரைந்தது. மனைவியின் நகை அடகுக் கடைக்குச் சென்றது. காலத்தில் முடிவெடுக்காததே இவர்களுடைய துன்பத்திற்குக் காரணம்.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

தனியார் மருத்துவமனையில் மருத்துவர் வாங்கும் கட்டணத்திற்கு 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் உச்சவரம்பு விதித்துள்ளன. ஆனால் அறை, பிரசவக்கூடம், மருந்து, கையுறை, ஊசி முதலியவற்றிற்கு மருத்துவமனை தனியே விலையிடுகிறது. சிறு சிறு தொகைகள் சேர்ந்தே பெருந்தொகையாகின்றன. அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரின் கட்டணமும், கூடுதல் நாள்கள் தங்கும் செலவும் சேரும். ஆகவே, தனியாரிடம் செல்ல விரும்புவோர் உத்தேசச் செலவை முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

அரசாங்க மருத்துவமனையில் எவ்வளவு?

மலேசியக் குடிமக்கள் மூன்றாம் வகுப்பு வார்டில் தங்க நாளுக்கு 3 வெள்ளி செலுத்தினால் போதும். குடியுரிமை இல்லாத மனைவிக்குக் கட்டணம் பன்மடங்காகும், முன்பணமும் கேட்கப்படும். அத்தகைய குடும்பத்தினர் தொடக்கத்திலேயே விசாரித்துப் பணம் சேர்த்து வருதல் நன்று. கட்ட இயலாத ஏழைகள் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியை அணுகலாம்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, நீரிழிவு ஆகியவை பரிசோதிக்கப்படுகின்றன. ஆபத்தின் அளவைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிற அடையாளம் இடுவர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆபத்தை முன்பே அறிந்தால், எங்கே பிரசவிப்பது என்பதை அமைதியாகத் தீர்மானிக்கலாம். நள்ளிரவுப் பதற்றம் குறையும், வீண்செலவும் குறையும்.

சட்டம் தரும் உரிமை

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மாதம் 1,700 வெள்ளி பெறும் பெண்ணுக்கு இது மூன்று மாதத்திற்கும் மேற்பட்ட சம்பளம். அதாவது 5,000 வெள்ளிக்கும் அதிகம். இதைப் பெற நிபந்தனைகள் உண்டு. பிரசவத்திற்கு முந்திய ஒன்பது மாதத்தில் 90 நாளேனும் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் எப்பொழுதாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஐந்து பிள்ளைகள் ஏற்கெனவே உயிருடன் இருந்தால் இச்சம்பளம் கிடையாது. தகுதியுள்ள தந்தைக்கும் சம்பளத்துடன் ஏழு நாள் விடுமுறை உண்டு.

எனவே, பேறுகாலம் நெருங்கும்போது தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுமுன் நன்கு யோசியுங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்வோர் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். உரிமை மறுக்கப்பட்டால் தொழிலாளர் இலாகாவிடமோ தொழிற்சங்கத்திடமோ முறையிடலாம்.

நினைவில் கொள்ளவேண்டியவை

1. கருவுற்றது தெரிந்ததும் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

2. எந்த மருத்துவமனை, எந்த வாகனம், வீட்டிலுள்ள பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை ஏழாம் மாதத்திற்குள் முடிவு செய்யுங்கள்.

3. பிரசவத்திற்கு முந்திய 60 நாளுக்குள் நிருவாகத்திற்கு அறிவியுங்கள். எழுத்தில் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பயணச் செலவுக்கென ஒதுக்குங்கள்.

இறுதியாக ஒன்று. செலவுக்கு அஞ்சி, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு சிறிது நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும். பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். போன தாயைத் திரும்பப் பெற முடியாது. முன்யோசனையுள்ள குடும்பத்தில் தாயின் உயிரும் காக்கப்படும், அவளுடைய நகையும் அடகுக் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கும்.