கொல்லைப்புறச் சமையலறை: அடுப்பும் கிரில்லும் வாங்குமுன்
(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



நம்ம ஊரில் 'கிரில்' என்று சொன்னால் யாருக்கும் மீனோ கோழியோ ஞாபகம் வராது. ஜன்னல்தான் வரும். தூத்துக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், "அண்ணாச்சி, ஒரு கிரில் பண்ணணும்"னு நான் கேட்டதும், அவர் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனைக்கு எத்தனை அடி தம்பி?" என்றார். இது மீன் சுடுவதற்கு என்று புரியவைக்க அரைமணி நேரமும் இரண்டு டீயும் செலவாயின.

வெளிநாட்டுக்காரர்கள் 'அவுட்டோர் கிச்சன்' என்று பெருமையாகச் சொல்வது நமக்குப் புதுசு இல்லை. கொல்லையில் விறகடுப்பு வைத்து நெல் அவித்ததும், வெந்நீர் போட்டதும், பலகாரம் சுட்டதும் நம் பாட்டிமார்தான். புதுசு என்னவென்றால், அந்தக் கொல்லைக்கு இப்போது கேஸ், கரண்ட், எஸ்.எஸ். தகடு எல்லாம் வந்துவிட்டன. வெயிலும் மழையும் காற்றும் படுகிற இடத்தில் இவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை கடைக்காரர் சொல்லமாட்டார். நாம் படித்த தெர்மல் இன்ஜினியரிங்கும் மெட்டீரியல்ஸும்தான் சொல்லும்.

நான் இதில் இறங்கக் காரணம் என் அத்தை. இருபது வருஷமாக ஆர்டருக்கு முறுக்கும் அதிரசமும் செய்து கொடுக்கிறவர்கள். எல்லாம் கொல்லையில் விறகடுப்பு. இரண்டு வருஷமாக இருமல் விடவில்லை. புகையை விட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் இருந்தது. "ஏலே, மூணு வருஷமா படிக்கியே, இந்தக் காசுக்குள்ள எனக்கு என்னென்ன வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுல" என்றார்கள். அந்தத் தாள்தான் வளர்ந்து இந்தக் கட்டுரை ஆகியிருக்கிறது. தவறான சாமானில் பணம் போய்விட்டால் அத்தை மறுபடி விறகுக்குத்தான் போகணும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டே எழுதினேன்.

முதலில் காற்று

அடுப்பைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள். தென்மாவட்டங்களில் ஆனி, ஆடியில் மேல்காத்து பேயாக அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழை. எனவே மேற்கிலும் வடக்கிலும் இடுப்புக்கு மேலே உயர்ந்த ஒரு செங்கல் சுவர், மற்ற இரண்டு பக்கமும் திறப்பு. அத்தை வீட்டுக்கு இதுதான் சரிப்பட்டது. நாலு பக்கமும் அடைத்தால் அது வெளிச் சமையலறையே இல்லை.

கூரைக்குத் தகரம் போடலாம். கீற்று மட்டும் வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கொட்டகைச் சமையலறையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிம்மில் எரிகிற பர்னரை அது சத்தமில்லாமல் அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இதற்காகத்தான் சில அடுப்புகளில் ஃப்ளேம் ஃபெயிலியர் டிவைஸ் வைக்கிறார்கள். வேறொன்றுமில்லை, நாம் லேபில் பார்த்த அதே தெர்மோகப்பிள்தான். தீயில் நனைந்திருக்கும்வரை அது தருகிற சில மில்லிவோல்ட் ஒரு சின்ன மின்காந்த வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்தால் முனை ஆறும், மின்னழுத்தம் போகும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். வீட்டுக்குள் இருக்கிற அடுப்புக்கு இது ஆடம்பரம் என்று சிலர் சொல்லலாம். கொல்லையில் வைக்கும் அடுப்புக்கு, கண்ணாடி டாப், ஆட்டோ இக்னிஷன் எல்லாவற்றையும்விட முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

எத்தனை கிலோவாட் வேண்டும்?

கடையில் 'மூணு பர்னரா, நாலு பர்னரா' என்றுதான் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது கிலோவாட். அத்தையின் கடாயில் 5 லிட்டர் எண்ணெய், எடை சுமார் 4.6 கிலோ. எண்ணெயின் ஸ்பெசிஃபிக் ஹீட் தோராயமாக 2 கிலோ ஜூல். 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு ஏற்ற 4.6 × 2 × 150, அதாவது 1380 கிலோ ஜூல். இதைப் பத்து நிமிஷத்தில், 600 விநாடியில் செய்ய 2.3 கிலோவாட் எண்ணெய்க்குள் போய்ச் சேரணும்.

வீட்டு கேஸ் அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்கணும் என்று ஐ.எஸ். 4246 தரம் சொல்கிறது. அது காற்றில்லாத அறையில், தண்ணீர்ப் பாத்திரம் வைத்துச் செய்கிற சோதனை. கொல்லையில், உருண்டை அடிக் கடாயில் பாதி கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொண்டேன். ஆக 4.6 கிலோவாட் பர்னர். வீட்டு அடுப்பின் பெரிய பர்னரே இரண்டு, இரண்டரை கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். அதை வைத்து அத்தை எண்ணெய் காய்வதற்குள் மாவு புளித்துவிடும்!

எண்ணெய் காய்ந்த பிறகு கதை வேறு. ஒரு கிலோ மாவில் 300 கிராம் தண்ணீர் என்றால், அதை ஆவியாக்க 0.3 × 2257, சுமார் 680 கிலோ ஜூல். மாவு சூடேறுவதற்கு இன்னும் ஒரு 200. பத்து நிமிஷத்துக்கு ஒரு ஈடு என்றால் ஒன்றரை கிலோவாட் போதும், மேலே எண்ணெய்ப் பரப்பில் போகிற நஷ்டம் தனி. எனவே பெரிய பர்னராக இருந்தால் மட்டும் பத்தாது. அதைக் குறைத்து எரிக்கவும் வரணும். ஹோட்டல் பர்னர்களில் பல முழு வேகத்தில் மட்டும் ஒழுங்காக எரியும், குறைத்தால் 'டப்' என்று உள்வாங்கி அணையும். கடையிலேயே ஒரு சிலிண்டர் போட்டு, குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடை.

இண்டக்ஷன் அடுப்பு வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வைக்கலாம், தட்டை அடிப் பாத்திரத்துக்கு. முறுக்குக் கடாய்க்கு ஆகாது.

விறகையும் சும்மா தள்ளிவிட மனசில்லை. 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க சுமார் 2930 கிலோ ஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 16,000 தருகிறது. ஆனால் மூன்று கல் அடுப்பில் அதில் 10, 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். குறைந்தது சுமார் ஒன்றேகால் கிலோ விறகு போய்விடும். எல்.பி.ஜி.யில், கிலோவுக்கு 46,000 என்று வைத்தால், நூறு கிராம் போதும். விறகேதான் வேண்டும் என்பவர்கள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறலாம். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு 1950-களிலேயே மண்ணில் கட்டும் புகையில்லா அடுப்பை வரைந்து கொடுத்துவிட்டார். சிவில் நண்பர்கள் யாராவது இதைப் புராஜெக்டாக எடுக்கலாம்.

சிலிண்டர் எங்கே?

வீட்டுச் சமையலுக்கு 14.2 கிலோ, வியாபாரத்துக்கு 19 கிலோ. அத்தை செய்வது வியாபாரம். ஆகவே 19 கிலோதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். வீட்டு சிலிண்டரில் நடத்தினால் மிச்சமாகும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பிடிபட்டால் இரண்டும் போகும்.

புரொப்பேனின் மூலக்கூறு எடை 44, பியூட்டேனுடையது 58, காற்றினுடையது 29. அதாவது கசிந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். மேடைக்குக் கீழே அழகாகக் கதவு போட்டு சிலிண்டரை ஒளித்துவைக்கிறவர்கள் கதவின் மேல்பக்கம் ஓட்டை போடுகிறார்கள். ஓட்டை தரைமட்டத்தில் இருக்கணும். பக்கத்தில் சாக்கடைக் குழியோ கிணற்றடிப் பள்ளமோ கூடாது. சிலிண்டர் நின்ற நிலையில், நிழலில்.

டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கொல்லையில் வெயிலும் எலியும் அந்த ஐந்து வருஷத்தைக் கொடுக்காது. மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதே நல்லது. சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். வருஷத்தின் நான்கு காலாண்டுகள் அவை. 'சி-27' என்றால் 2027 செப்டம்பருக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்பணும். கெடு தாண்டியதை வாங்காதீர்கள்.

எஸ்.எஸ். என்றால் எல்லாம் ஒன்றா?

பணம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு கடையில் (பேர் வேண்டாம்) மேடைத் தகட்டில் காந்தத்தை வைத்து, "பாருங்க ஒட்டலை, ஒரிஜினல் 304" என்றார்கள். நண்பர்களே, காந்தம் ஒட்டாவிட்டால் அது 430 இல்லை என்று மட்டுமே சொல்லலாம். 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 202-ல் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. ஒரு வாடை மழைக்காலம் போனால் தெரியும். பழைய இரும்பு வியாபாரிகள் ஒரு சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சோதிப்பார்கள், மாங்கனீசு அதிகமிருந்தால் சிவக்கும். அவர்களில் ஒருவரை உடன் அழைத்துப் போவது உத்தமம்.

கடற்கரை ஊரில் 304-ம் பழுப்புக் கறை பிடிக்கும். 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் சேர்ந்த 316 தாங்கும், விலைதான் தாங்காது. ஒரு வேடிக்கை: மழை படுகிற தகட்டைவிட, கூரைக்கு அடியில் மழை படாத தகடுதான் சீக்கிரம் கறை பிடிக்கும். உப்பு கழுவப்படுவதே இல்லை அல்லவா? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் 304-ல் செய்யத் தேவையில்லை. மேடைத் தட்டும் சூட்டுக் கம்பிகளும் 304. கால்களும் சட்டமும் சாதா இரும்பு ஆங்கிள், ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட். தகட்டை இணைக்கும் போல்ட், நட்டு மட்டும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். பெரிய எஸ்.எஸ். தகட்டில் சின்ன இரும்பு போல்ட்டைப் போட்டால் உப்புக் காற்றில் கால்வானிக் செல்லாகி, போல்ட் முதலில் கரையும்.

கரி கிரில்

இதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1952-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகள் செய்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்திய பாட்டில் வெறுத்துப்போய், மிதவைக்கான அரை உருண்டையைச் சட்டியாகவும் இன்னொன்றை மூடியாகவும் வைத்துக் கால் பொருத்தினார். உலகம் முழுக்க விற்கிற உருண்டை கிரில் அதிலிருந்து பிறந்தது. பட்டறை ஆள் செய்த பொருள், நாமும் பட்டறையில் செய்யலாம்!

மூடியும், கீழே திறந்து மூடும் காற்றுத் துளையும்தான் அதன் ரகசியம். காற்றைக் குறைத்தால் கரி நிதானமாக எரியும், சொட்டும் கொழுப்பு தீயாகக் கிளம்பாது. கம்பிக்கும் கரிக்கும் ஒரு சாண் அளவுக்குள் இடைவெளி. கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கம் காலியாக விட்டால் கருகப்போகிற மீனை நகர்த்த இடம் கிடைக்கும். சீமைக் கருவேலங்கரி நம் பக்கம் தாராளம். கிலோவுக்கு 29,000 கிலோ ஜூல் அளவில் தரும்.

சட்டிக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு போதும். கெமிக்கல், பெயிண்ட் வந்த பழைய டிரம்மை வெட்டாதீர்கள். கம்பிக்கு ஜி.ஐ. வலையை யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். கரித்தணல் அதைவிட எவ்வளவோ சூடு. அந்தப் பூச்சு புகையாகி நெஞ்சுக்குள்ளும் மீனிலும் போகும். 6 மி.மீ. 304 கம்பியை 308எல் ராடு வைத்து வெல்டு பண்ணச் சொல்லுங்கள். சாம்பலை அன்றன்றே அள்ளணும், ஈரச் சாம்பல் காரமாகி அடித்தகட்டைத் தின்றுவிடும். மழை வந்துவிட்டதென்று எரிகிற கரியை வீட்டுக்குள் தூக்கிவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

கரண்ட் சாமான்கள்

கிரைண்டர், மிக்சி, விளக்கு. இவ்வளவுதான் கொல்லைக்குத் தேவை, ஃபிரிட்ஜ் உள்ளேயே இருக்கட்டும். ஈரத் தரை, வெறுங்கால், மாவுக் கை, மூன்றும் சேர்கிற இடம் அது. அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு சுவிட்சும் வேண்டாம் என்று அத்தை தாளில் சிவப்பு மையில் எழுதினேன். சாக்கெட்டுக்கு மூடிபோட்ட மழைதாங்கும் பெட்டி, ஐ.பி. 55 என்று போட்டிருந்தால் நல்லது. எர்த் கம்பியை உள்ளேயிருந்து முறையாக இழுக்கணும், குழாயில் சுற்றிவிடுவதெல்லாம் நடக்காது. ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். சோப்புத் தண்ணீர் தடவுகிற அதே நாளில் அதையும் அமுக்கிப் பார்க்கலாம்.

பர்னர், ஹை பிரஷர் ரெகுலேட்டர், மேடை, கிரில், வயரிங் எல்லாம் நாற்பதாயிரத்துக்குள் அடங்க, ஆசைப்பட்ட இரண்டாவது பர்னரை அத்தை தள்ளிப்போட வேண்டியதாயிற்று. மேடையும் கிரில்லும் சேர்ந்த டிராயிங், அளவுகளோடு என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் வகுப்புக்கு வந்தால் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.