போட்டுக்கொடுத்தான் என்றால் எதைப் போட்டான்?

கம்பம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போடியில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வடக்கேயிருந்து ஏலக்காய் வாங்குகிறவர் போன் பண்ணி, ஆர்டரை 'புட் ஆஃப்' பண்ண வேண்டியிருக்கிறது என்றார். 'ஆஃப்' என்று காதில் விழுந்ததும் ஆர்டரே அணைந்துபோனது என்று நீ முதலாளியிடம் சொல்லிவிட்டாய். அவர் கட்டிவைத்த மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் கேட்டது ஒரு வாரம் தள்ளிப்போட. வேண்டவே வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தால் 'கால் ஆஃப்' என்றிருப்பார்.

இதற்காக, 'புட் ஆஃப்' போன்ற ஐநூறு ஃப்ரேசல் வெர்ப் உள்ள புத்தகம் வாங்கி, நாளுக்கு இருபது மனப்பாடம் செய்வதாகச் சொன்னாய். அதை மூடி வை. முப்பது வருடம் நானும் அப்படித்தான் கரும்பலகையில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிப்போட்டேன். பிள்ளைகள் பரீட்சை வரை வைத்திருந்தார்கள், அப்புறம் மறந்தார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. இந்த விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உனக்கும் தெரியும். 'அவன் என்னை டீச்சரிடம் போட்டுக்கொடுத்தான்' என்கிறோமே, எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? 'சிநேகிதியைக் கழற்றிவிட்டாள்' என்றால் திருகாணியா கழன்றது? 'படம் ஊற்றிக்கொண்டது' என்கிறபோது சொம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. 'பாட்டியைப் பார்த்துக்கொள்' என்று உன் அம்மா சொன்னால் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து பாட்டியையே வெறித்துப் பார்க்க மாட்டாய். மருந்து கொடுப்பாய், கஞ்சி காய்ச்சுவாய். ஆங்கிலத்தில் அதுதான் 'லுக் ஆஃப்டர்'. 'லுக்' என்றால் பார், 'ஆஃப்டர்' என்றால் பிறகு, ஆகவே 'பிறகு பார்' என்று கூட்டிப் பொருள் சொல்கிறவர், தமிழில் 'பார்த்துக்கொள்' என்பதை 'பார்த்து, பிறகு வாங்கிக்கொள்' என்று புரிந்துகொள்ளும் வெள்ளைக்காரரைப் போன்றவர்.

தமிழில் முதல் வினைக்குப் பின்னால் விடு, கொள், போடு, போ, இரு என்று ஒரு சின்ன வினை வந்து உட்கார்ந்து பொருளைத் திருப்பிவிடுகிறது. நம் இலக்கணத்தில் அதற்குத் துணைவினை என்று பெயர். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அப், ஆஃப், அவுட், ஆன், அவே என்று துண்டுச் சொற்கள் உட்காருகின்றன. உட்காருகிற ஆள் வேறு, செய்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 'குடி' என்பதற்கும் 'குடித்துவிடு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்ளரில் மிச்சம் வைக்கக்கூடாது. 'டிரிங்க்', 'டிரிங்க் அப்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. சுருளி அருவி கோடையில் வற்றிப்போனால் 'டிரைட் அப்'. 'கேரி ஆன்', 'கோ ஆன்' என்பவற்றில் வருகிற 'ஆன்', நம்முடைய 'கொண்டே இரு'.

இன்னொன்று பார். 'வெள்ளம் அடித்துக்கொண்டு போனது' என்கிறோம். அடியும் இல்லை, கொள்வதும் இல்லை, ஆனால் கேட்டவுடன் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. ஆங்கிலத்தில் 'வாஷ்ட் அவே'. முல்லைப் பெரியாறு அணை வேலை 1887இல் தொடங்கியபோது, ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப இப்படித்தான் அடித்துக்கொண்டு போனது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் விடவில்லை. 1895இல் அணை முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே நம் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. 'தி ரிவர் வாஷ்ட் அவே தி பேங்க்ஸ், பட் ஹி கேரீட் ஆன், ஹி டிட் நாட் கிவ் அப்.' மூன்று ஃப்ரேசல் வெர்ப். லோயர் கேம்ப்பில் அவருடைய மணிமண்டபத்தைத் தாண்டிப் போகும் நாளெல்லாம் இந்த ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தால் போதும், உன் புத்தகத்தில் மூன்று வரியை அடித்துவிடலாம். 'கிவ் அப்' என்பதற்குத் தமிழ் என்ன? கைவிடு. அங்கேயும் கை எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை.

இது உனக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டபோதே, வினையோடு துண்டுச் சொல் ஒட்டி வருகிற இந்த வழக்கம்தான் அயல்நாட்டாருக்கு மிகவும் கடினம் என்று முன்னுரையில் எழுதிவைத்தார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் வெகு பின்னால், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார். பெயர் வைப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே அடுப்படியிலும் வயலிலும் பேசிய பேச்சு அது.

சரி, உன்னைக் கவிழ்த்த 'ஆஃப்' விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் 'ஆஃப்' என்றால் சுவிட்ச்தான். மோட்டாரை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணு. அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் 'ஆஃப் தி ஃபேன்' என்கிறார்கள். அங்கே 'ஆஃப்' வினை ஆகாது. 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்று முன்னால் ஒரு வினை வேண்டும். 'ஆஃப்' என்பதன் வேர்ப்பொருள் விலகிப்போவது, தள்ளிப்போவது. செருப்பைக் கழற்றினால் 'டேக் ஆஃப்', விமானம் தரையை விட்டு எழும்பினாலும் 'டேக் ஆஃப்'. பால் கெட்டுப்போனால் இங்கிலாந்தில் 'தி மில்க் வென்ட் ஆஃப்' என்பார்கள். அலாரம் அடித்தாலும் 'வென்ட் ஆஃப்'தான்! அணைந்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தால் பஸ் போய்விடும். இப்போது உன் 'புட் ஆஃப்' பக்கம் வா. 'புட்' என்றால் போடு, 'ஆஃப்' என்றால் தள்ளி. தள்ளிப்போடு. சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறது. போன வாரம் பூரா வீட்டில் 'வேலையைத் தள்ளிப்போடாதே' என்று திட்டு வாங்கியவளுக்கு இது தெரியாமல் போனதே என்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டிய விதி ஒன்றே ஒன்று. 'டர்ன் ஆஃப் தி மோட்டார்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி மோட்டார் ஆஃப்' என்றும் சொல்லலாம். மோட்டார் என்ற பெயருக்குப் பதில் 'இட்' வந்துவிட்டால் நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொன்னால் ஆங்கிலக்காரர் காதில் கல் கடித்த மாதிரி இருக்கும். ஆனால் 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்' போன்றவை பிரியாத ஜோடிகள். 'லுக் ஆஃப்டர் ஹெர்' மட்டும்தான். எது பிரியும், எது பிரியாது என்பதற்கு அகராதியில் குறிப்பு இருக்கும். பேசிப் பேசித்தான் காதுக்குப் பழக்கமாகும்.

உங்கள் தொழிலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. போடியில் ஏலக்காய்க்கும் ஏலம், விற்கிற முறைக்கும் ஏலம். ஏலத்துக்கு ஏலம் என்றால் வெளியூர்க்காரன் முழிப்பான். அதேபோல 'நாக் டவுன்' என்றால் இடித்துத் தள்ளு. ஏலக் கூடத்து ஆங்கிலத்தில் மட்டும் அதிக விலை கேட்டவருக்கு முடித்துக்கொடுப்பது. சுத்தியல் தட்டி ஏலம் முடித்த காலத்துச் சொல். இப்போது எல்லாம் கணினித் திரையில் நடக்கிறது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

ஈமெயிலில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். 'போஸ்ட்போன்' என்று எழுதினாலும் தப்பில்லை. அது லத்தீன் வழி வந்த கோட்டுப் போட்ட சொல், 'புட் ஆஃப்' வேட்டி கட்டிய சொல். 'டாலரேட்' கோட்டு, 'புட் அப் வித்' வேட்டி. 'இன்வெஸ்டிகேட்' கோட்டு, 'லுக் இன்டூ' வேட்டி. நாம் பள்ளிக்கூடத்தில் கோட்டுப் போட்டவர்களோடு மட்டும் பழகிவிட்டோம். அதனால் நன்றாக எழுதுகிற பிள்ளைகூட போனில் திணறுகிறது. ஒரு எச்சரிக்கை: உன் விவரக்குறிப்பில் கல்லூரியை முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று எழுதியிருக்கிறாய். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். லண்டன்காரர் படித்தால் நீ கல்லூரியில் மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொள்வார். 'கிராஜுவேட்டட்' என்று மாற்று. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாம், 'கோப் வித்' போதும்.

அடைமொழிகளைப் பற்றி, அதாவது அட்ஜெக்டிவ் பற்றி, கடைசியாகக் கேட்டாய். பாதி வேலை உனக்குத் தமிழே செய்து வைத்திருக்கிறது. ஒருமுறை என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து 'ஐ ஆம் போரிங்' என்றான். 'அது எங்களுக்குத் தெரியும், உட்கார்' என்றேன். வகுப்பே சிரித்தது. பாவம், அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பயந்த பையன் வேறு, பயமுறுத்தும் பையன் வேறு. சலித்துப்போனவன் 'போர்ட்', சலிப்பூட்டுவது 'போரிங்'. களைத்தவள் 'டயர்ட்', களைக்கவைக்கும் வேலை 'டயரிங்'. உலர்ந்த காய் 'டிரைட் கார்டமம்'. 'டிரையிங்' என்று ரசீதில் எழுதினால் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது, ஈரக் காயை அனுப்புகிறார்கள் என்று வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள்.

ஃப்ரேசல் வெர்பே அடைமொழியாக மாறுவதும் உண்டு. டயர் தேய்ந்துபோனால் 'தி டயர் இஸ் வோர்ன் அவுட்'. அந்தத் தேய்ந்த டயர் 'எ வோர்ன்-அவுட் டயர்', நடுவில் சின்னக் கோடு. மலைக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளைப் பார்த்தால் இந்தச் சொல் தானே வரும்.

அளவு சொல்லும்போது மட்டும் கவனம். உச்ச நீதிமன்றம் 2014இல் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 'தி வாட்டர் வென்ட் அப் டு 142 ஃபீட்' என்பது சரி. அடைமொழியாக முன்னால் வந்தால் 'எ 142-ஃபுட் லெவல்', பன்மை கிடையாது. 'எ டென்-ருபீ நோட்' என்பதும் அப்படியே. தமிழிலும் பத்து ரூபாய்கள் நோட்டு என்று யார் சொல்கிறார்கள்?

அடைமொழிகளை அடுக்கும் வரிசை மட்டும் நமக்குக் கொஞ்சம் புதிது. நாம் கம்பம் கருப்புத் திராட்சை என்போம், கருப்புக் கம்பம் திராட்சை என்றாலும் குறைந்துபோகாது. ஆங்கிலத்தில் முதலில் உன் அபிப்பிராயம், பிறகு அளவு, நிறம், கடைசியில் ஊர்: 'ஸ்வீட் ஸ்மால் பிளாக் கம்பம் கிரேப்ஸ்'. 2023இல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் இந்த வரியை அட்டைப்பெட்டியில் அச்சடிக்க நிறையப் பேருக்கு ஆசை. ஊர்ப்பெயர் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

நாளை காலை அந்த வடக்கத்திக்காரருக்கு நீயே போன் பண்ணு. 'ஐ மிக்ஸ்ட் அப் புட் ஆஃப் அண்ட் கால் ஆஃப், சாரி' என்று சொல். 'மிக்ஸ் அப்' என்றால் குழப்பிக்கொள். பிரித்த மூட்டைகளைத் திரும்பக் கட்டியாகிவிட்டதா என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசு. பேசி முடித்ததும் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பு. சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் அனுப்பு, அதுவரை மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தோட்டத்தில் மோட்டார் பக்கம் இருப்பேன்.

உன் அத்தை